உலகத்தையே போனுக்கு அடிமையாக்கும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. உலகம் முழுக்க நோயைப் பரப்பும் 'பிளேக் இன்க்' விளையாட்டில், இப்போது சமூக ஊடக போதையையே நோயாக வைத்து ஆடுகிறான். வரைபடம் சிவப்பாக மாறினால் துள்ளிக் குதிக்கிறான். நான் போனைக் கையில் எடுத்தால், "அம்மா, உனக்கும் தொத்திக்கிச்சு" என்கிறான். கெடுதல் செய்வதை இப்படி ரசித்தால் மனசு கெட்டுப்போகாதா? நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி.

2012-ல் வந்த அந்த விளையாட்டில் ஆடுபவர் நோயின் பக்கம். உங்களை உறுத்துவது அதுதான் என்று புரிகிறது. ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் பிடிபடும். ஆரம்பத்திலேயே அறிகுறிகளைக் கடுமையாக்கினால் உலகம் விழித்துக்கொள்ளும். மருந்து தேடத் தொடங்கிவிடும். அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர் முதலில் பரவலைத்தான் கூட்டுவார். அறிகுறிகள் யார் கண்ணிலும் படாத அளவுக்கு லேசாகவே இருக்கும்.

சமூக ஊடகமும் இதே வழியில்தான் நம் வீட்டுக்குள் வந்தது. ஒரே ராத்திரியில் யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. முதலில் பத்து நிமிடம் தள்ளிப் படுக்கிறோம், அப்புறம் அரை மணி நேரம். காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் ஓடுவோம். இதற்கு யார் ஓடுகிறார்கள்? விளையாட்டில் புள்ளிகளைச் சேர்த்து, எந்த அறிகுறியை எப்போது திறக்கலாம் என்று யோசிக்கும் பையனுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் உறைக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் அவனிடம் பேசியாக வேண்டும். 'இது விளையாட்டு, அறிவியல் மாடல் அல்ல' என்று அதை உருவாக்கியவர்களே 2020-ல் சொன்னார்கள். அதில் தொற்று ஏறிய மனிதர் வெறும் சிவப்புப் புள்ளி. அவருக்கென்று விருப்பம் எதுவும் கிடையாது. நிஜத்தில் ஒருவர் போனைத் திறப்பது நண்பனைத் தேடியோ, தனிமை தாங்காமலோ, வேலை சம்பந்தமாகவோ இருக்கலாம். கிரீன்லாந்து துறைமுகத்தை மூடிவிட்டால் விளையாட்டில் நோய் உள்ளே நுழைவது கஷ்டம். போனுக்கு அப்படி ஒரு துறைமுகம் இல்லை. கிருமிக்கு எண்ணம் கிடையாது, செயலிக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் மகன் விளையாட்டில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஆடக் கற்றுக்கொடுடா" என்று கேளுங்கள். எதை முதலில் பரப்பினான், தூக்கமின்மையை ஏன் தள்ளிவைத்தான் என்று அவனே விளக்கட்டும். இடையில் புகுந்து புத்தி சொல்லாதீர்கள். எல்லாம் முடிந்ததும், "இந்த நோயை நீயே தடுக்க வேண்டுமென்றால் எங்கே கை வைப்பாய்?" என்று கேளுங்கள். அறிவிப்புகளை அணைப்பது, படுக்கையறைக்கு வெளியே போனை வைப்பது என்று ஏதாவது சொல்வான். சொன்னதில் ஒன்றை இரண்டு பேரும் ஒரு வாரம் சேர்ந்து செய்து பாருங்கள். உங்கள் போனும் அதில் அடக்கம்.

'தொத்திக்கிச்சு' என்று அவன் சொன்னால் கோபப்படாதீர்கள். எதற்காகப் போனை எடுத்தீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள். காரணம் எதுவும் இல்லையென்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

விளையாட்டின் கருவைப் பார்த்து மனசு கெடுகிறதா என்று கணக்குப் போடாதீர்கள். கவனிக்க வேண்டியது வேறு. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' உண்டு, சமூக ஊடக போதை தனி நோயாக இல்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது என்று அதற்கு வரையறை இருக்கிறது. அதற்காக ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. தூக்கம், படிப்பு, நண்பர்கள் மூன்றும் ஒருசேரச் சரிவது தெரிந்தால், அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.