அப்பத்தா ஏன் மாடிக்கு வருவதில்லை?

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கும் அறிவியலும் நன்றாகப் போகின்றன. வரலாறு மட்டும் இடிக்கிறது. முகலாய மன்னர்களை வரிசையாகச் சொல்கிறார்கள்; தமிழ்நாட்டு வரலாறு என்றால் கொட்டாவி விடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் அட்டை மாதிரி வாங்கி ஒட்ட வைத்தேன். மாடி அறைச் சுவரில் காலக்கோடு வரைந்து மாட்டினேன். பலனில்லை. கையால் செய்தும் நேரில் பார்த்தும் படிக்க என்ன வழி? பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதும்போது பின்தங்கிவிடுவார்களோ என்றும் கவலையாக இருக்கிறது. உடன் மாமியார் இருக்கிறார், 78 வயது, மேலூர்ப் பக்கம் கிராமம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால் பாட விஷயத்தில் தலையிடுவதில்லை. மூட்டுவலியால் மாடி ஏறுவதும் இல்லை. வகுப்பு நேரத்தில் கீழே டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

வீட்டுக்கல்வி நடத்தும் குடும்பங்களிடமிருந்து இந்த மாதிரிக் கடிதம் அடிக்கடி வருகிறது. எல்லோருக்கும் வேண்டியது ஒரு பட்டியல்: எந்த அருங்காட்சியகம், எந்தக் கோட்டை, எந்த விளையாட்டுப் பெட்டி. பட்டியல் போடுவது சுலபம். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் படித்தபின் அதைப் போட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமியார் தலையிடுவதில்லை என்கிறீர்கள். யாராவது கூப்பிட்டீர்களா? மாடி ஏற முடியாதவர் வீட்டில் இருக்கும்போது வகுப்பை மாடியில் வைத்தது யார்? பள்ளிக்கூடம் சரிப்படாது என்று பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தவர் நீங்கள். வந்த கையோடு மாடியில் பலகையும் காலக்கோடும் மாட்டி, இன்னொரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அதில் இடம் கிடையாது. எனக்குத் தெரிந்த எந்த அரசுப் பள்ளியிலும் இவ்வளவு கறாராக ஆளை நிறுத்தி வைப்பதில்லை. உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெற்ற தாயோடு அவர் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார் என்று அவரிடமும் கேளுங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 78 வயது என்றால் 1947 வாக்கில் பிறந்திருப்பார். அவர் பள்ளியில் சேரும் வயதில், 1953ல், ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று சொல்லி மாகாணம் முழுக்க எதிர்த்தார்கள். குயவர் பிள்ளை குயவராகவும், வெட்டியான் பிள்ளை வெட்டியானாகவும் ஆவதற்கு அரசே வழி செய்கிறதா என்பதுதான் கேள்வி. மறு வருடம் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் உங்களுக்கு இந்தக் கதை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் விரும்பி எடுத்திருக்கும் முடிவை அந்தத் தலைமுறையின் மேல் திணிக்கப் பார்த்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு முழுநேரப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சண்டை போட்டார்கள். 1956ல் மதிய உணவு வந்தது. உங்கள் அத்தை அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருப்பார். அவர் ஊர்ப் பள்ளிக்கு அந்தச் சாப்பாடு வந்ததா, வந்திருந்தால் என்ன ஊற்றினார்கள், எந்தத் தட்டில், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? இவ்வளவும் பார்த்த ஆள் உங்கள் வீட்டு ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் ஐந்தோடு நின்றார் என்று கேட்டிருக்கிறீர்களா? வயலுக்கு ஆள் தேவைப்பட்டதா, தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளச் சொன்னார்களா, ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடந்து போக வேண்டியிருந்ததா, வயதுக்கு வந்துவிட்டாரா? அவர் சொல்லும் பதில்தான் உங்கள் மகளுக்கு முதல் பாடம். அவளும் பெண்தான், ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய வயதுதான்.

சரி, கையால் செய்யும் வேலைக்கு வருகிறேன். பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்குங்கள். (எடைக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால் இந்தப் பத்தியைப் படித்து வயிறு எரியுங்கள்.) குடத்தின் கழுத்திலோ அண்டாவின் விளிம்பிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை அதன் மேல் அசையாமல் ஒட்டி, பென்சிலைப் படுக்கப் பிடித்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் கறுக்க, பெயர் வெள்ளையாக எழும்பி வரும். கல்வெட்டில் படி எடுப்பவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள்.

எடுத்த படியை அப்பத்தாவின் மடியில் வைக்கட்டும். தலைப்பெழுத்து யாருடையது? இந்தக் குடம் பிறந்த வீட்டுச் சீரா, கட்டிக்கொண்ட பிறகு வாங்கியதா? இன்னொருவர் பெயர் வெட்டிய செம்பு இந்த வீட்டுக்கு எப்படி வந்தது? 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் வெட்டியது என்றால் 'லை', 'னை' எல்லாம் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் மகள் திணறுவாள். ஐந்தாவதோடு நின்றவர் ஒரே மூச்சில் படித்துவிடுவார். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அப்புறம் மாங்குளம் பக்கத்தில் மீனாட்சிபுரம் மலைக்குப் போங்கள். அங்கே குகைத்தளத்தில் 2,000 வருடங்களுக்கும் முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவர் தானம் செய்த செய்தி அதில் வருகிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடுத்ததாக வெட்டியிருக்கிறார்கள். யார், யாருக்கு, எதைக் கொடுத்தார். செம்பில் இருப்பதும் அதேதானே? பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் விளக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மலையில் தாள், பென்சில், சுண்ணாம்பு எதுவும் கூடாது, எழுத்தின் மேல் கையும் படக்கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். அதைப் போட்டோ எடுத்தால் போதும். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று மாவைப் பூசிவிட்டு வரும் புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு பிள்ளைகளும் வந்திருப்பதுதான் கொடுமை.

மலைக்கு அத்தை வர முடியாது. கீழடிக்கு வரலாம். 2023ல் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியதைப் பார்த்துவிட்டு, வட்டச்சில்லும் தக்களியும் தாயக்கட்டையும் வைத்திருக்கும் இடத்தில் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சில்லு எப்படி எறிவது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேலூர்ப் பக்கம் என்று எழுதி அதோடு விட்டுவிட்டீர்கள். மேலூரில் வளர்ந்தவர் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர். 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்த பிறகு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து 1895ல் அணையைக் கட்டி முடித்து, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணை என்ற இடத்தில் கால்வாய்க்குள் திரும்பி, கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும் அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் பாய்கிறது. ஏன் அங்கே இரண்டு, இங்கே ஒன்று? அத்தையிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத வசவு நாலு சேர்த்துப் பதில் வரும். கால்வாயில் தண்ணீர் ஓடும் நாளாகப் பார்த்துக் கள்ளந்திரிக்குப் போங்கள். மடை எது, கலுங்கு எது, மறுகால் எங்கே போகிறது, கண்மாய்க்கும் ஊருணிக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கை காட்டட்டும், மகன் படம் வரையட்டும். திரும்பி வந்து அந்தப் படத்தைக் குடும்ப நிலத்தின் பழைய பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். நான்கு எல்லையும் வாய்க்காலையும் வரப்பையும் வைத்துத்தான் எழுதியிருக்கும். மதுரை ஜில்லா என்று இருக்கும். அந்த ஜில்லாவுக்குள்தான் 1985 வரை திண்டுக்கல்லும் 1996 வரை தேனியும் இருந்தன. முத்திரைத்தாளில் ஜார்ஜ் மன்னர் தலை இருந்தால் உங்கள் காலக்கோட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம்.

ஊருணி என்றதும் நீங்கள் கேட்கத் தயங்கப் போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஊருணியில் யார் தண்ணீர் எடுத்தார்கள்? யாரை எடுக்க விடவில்லை? டீக்கடையில் யாருக்குத் தனி டம்ளர்? உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கமாக இருந்தாலும் பிள்ளைகள் அதை அப்பத்தா வாயால் கேட்க வேண்டும். அவர் சொல்வது சங்கடமாக இருக்கலாம். இன்னும் அதை நியாயம் என்றே அவர் நினைக்கலாம். இடையில் புகுந்து திருத்தாதீர்கள், பிள்ளைகளை அறைக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கு அதில் உடன்பாடில்லை என்றால் பிறகு உங்கள் கருத்தைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள். பெரியவர்களை மதிப்பது வேறு, அவர்கள் சொன்னதையெல்லாம் சரி என்பது வேறு என்று 11 வயதுப் பெண்ணுக்கு நன்றாகவே புரியும்.

அதே மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908ல் பிறந்தவர்தான் கக்கன். 1939 ஜூலை 8ஆம் தேதி, தாழ்த்தப்பட்டவர்கள் நுழையக் கூடாது என்றிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற சிலரில் அவரும் ஒருவர். 20 வருடம் கழித்து, 1959ல், வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. ஊருணிக் கதையைக் கேட்ட பிறகு பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், வாசலில் நின்று இதைச் சொல்லுங்கள். எத்தனையோ தடவை உள்ளே போய்ப் பொற்றாமரைக் குளத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்ற பிள்ளைகள்தான். இந்த முறை வேறு மாதிரிப் போவார்கள்.

அத்தை பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வருஷத்தை மாற்றிச் சொன்னால் அங்கேயே குறுக்கிடாதீர்கள். அணை திறந்த வருஷம் அவருக்கு நினைவிருக்காது. தன் அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்பார். அதை வைத்து வருஷத்தைக் கண்டுபிடிப்பது மகளின் வேலை. சரிபார்க்கத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இருக்கவே இருக்கின்றன. ஆறிலிருந்து பத்து வரை சமூக அறிவியல் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வைப் பற்றிய உங்கள் கவலைக்கும் அதுதான் பதில். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது ஆக வேண்டும், மகளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம் அந்தப் புத்தகங்களைப் படித்தால் பின்தங்க மாட்டாள்.

அத்தை முதலில் எனக்கு என்ன தெரியும் என்று மழுப்புவார். இத்தனை நாள் நீங்கள் அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறீர்கள்? ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மகன் கேட்டால் அம்மா மறுக்க மாட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். கள்ளந்திரிக்குப் போகிற அன்று காரில் முன்சீட் அத்தைக்கு. பின்சீட்டில் கால் மடக்கி உட்கார மூட்டு இடம் கொடுக்காது.