குருணை மருந்து வேண்டாம், கூரை இடுக்கை அடையுங்கள்

கேள்வி: ஒடுக்கத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. முட்டைக் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கிறேன். பொங்கலுக்குப் பிறகு கோழிகள் வரிசையாகப் போகின்றன. ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தால் இரண்டு பெட்டைகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன, கறியைத் தொடவே இல்லை. இன்னொரு நாள் அடையில் இருந்த முட்டைகள் ஓடுகூட இல்லாமல் மாயம். மெஷினில் பொரித்த குஞ்சுகள் வாங்கி விட்டேன், அவை பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கீரிதான் காரணம் என்று கொழுந்தனார் வயலில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைக் கறியில் கலந்து வைக்கச் சொல்கிறார். காட்டை ஒட்டி இருந்துகொண்டு கோழி எதற்கு என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?

பதில்: அம்மா, அந்தக் குருணை மருந்தை இன்றைக்கே கொழுந்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கறியில் கலந்து வைத்தால் முதலில் தின்பது தெருநாயோ, உங்கள் வீட்டுப் பூனையோ, காக்கையோதான். செத்துக் கிடப்பதைத் தின்ன வருவதும் சாகும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் அந்த மருந்து இருக்கவே கூடாது. சட்டமும் இடம் கொடுக்காது. மரநாய் (பெயரில்தான் நாய், மரமேறும் புனுகுப்பூனை இனம்), காட்டுப்பூனை, கீரி, உடும்பு, நல்ல பாம்பு எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மருந்து சரிப்படாவிட்டால் கரண்ட் கம்பி இழுக்கலாம் என்ற பேச்சு அடுத்து வரும். அதற்கும் தலையாட்டாதீர்கள். திருப்பத்தூர் பக்கம் காட்டுப்பன்றிக்கு இழுத்த கம்பியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

சரி, கோழிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு திருடன் இல்லை, மூன்று. அந்த இரண்டு பெட்டைகளைக் கொன்றது கீரியாக இருக்க வாய்ப்பு குறைவு. கீரி பகலில் திரிகிற பிராணி, இருட்டினால் வளைக்குள் போய்விடும். ராத்திரியில் கூண்டுக்குள் இறங்கி, கழுத்தைக் கடித்துவிட்டுக் கறியை விட்டுப் போவது பெரும்பாலும் மரநாயின் வேலை. காட்டுப்பூனையாக இருந்தால் கோழியைத் தூக்கிக்கொண்டே போயிருக்கும், உங்களுக்கு இறகுதான் மிஞ்சும். நாய் புகுந்திருந்தால் இரண்டோடு நிற்காது.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூண்டைச் சுற்றியும் சுவர் மேலேயும் மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் தடத்தைக் குனிந்து பாருங்கள். ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய். நான்கு விரல், உருண்டையான தடம், நகக் குறி இல்லை என்றால் பூனை ஜாதி. நான்கு விரலோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. பூனைத் தடமே உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் அது சிறுத்தை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அப்போது கம்பை எடுத்துக்கொண்டு காவல் இருக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மரநாய் தரையில் வருவதைவிட மேலே வருவதுதான் அதிகம். புளியமரத்திலிருந்து கூரைக்குத் தாவி, சிமெண்ட் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக இறங்கும். ஷீட்டின் வளைவுக்குக் கீழே ஒரு கை நுழைகிற இடைவெளி எல்லாக் கூண்டிலும் இருக்கும், யாரும் அதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. அதை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷால் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) அடையுங்கள். கடையில் கோழி வலை என்று அறுகோணக் கண்ணோடு விற்கிற மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், நாய் இழுத்தால் கிழிந்துவிடும். தரையோரம் மெஷ்ஷை வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் பரப்பி மேலே கல் அடுக்கிவிட்டால், தோண்டி நுழைவதும் நின்றுபோகும்.

வேலூர் வெயிலில் கோழி வெந்துபோகுமே என்று நம் ஊரில் மாசி, பங்குனி வந்தால் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறோம். உங்கள் கோழிகள் சாக ஆரம்பித்ததும் வெயில் ஏறுகிற நேரத்தில்தான். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் அளவுக்குத் திறந்து மெஷ் அடித்துவிடுங்கள். காற்று வரும், கதவைச் சாத்தலாம். தாழ்ப்பாள் நன்றாக விழுகிறதா என்று பாருங்கள். கயிற்றைச் சுற்றி வைப்பது போதாது.

முட்டை ஓடு இல்லாமல் போனது பாம்பு, அல்லது உடும்பு. இரண்டும் முழுசாக விழுங்கும். காக்கையோ எலியோ என்றால் ஓட்டுத் துண்டு கிடக்கும். நல்ல பாம்பும் சாரையும் முட்டைக்கு முன்னால் எலியைத் தேடித்தான் வருகின்றன, எலி நீங்கள் சிதறவிடும் கம்புக்கும் நொய்க்கும் வருகிறது. பொழுது சாயும் முன் மிச்சத் தீனியைக் கூட்டி எடுத்து மூடி வையுங்கள். கூண்டை ஒட்டி விறகு, ஓடு, செங்கல் அடுக்காதீர்கள். அப்புறம், இருட்டில் அடைக்கூடைக்குள் கையை விட்டு முட்டை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை. உள்ளே பாம்பு இருந்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். யாரையாவது கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பகலில் குஞ்சுகள் போவது வல்லூறு, காக்கை, கீரி எல்லாம் சேர்ந்த கணக்கு. கோடையில் வல்லூறுக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும், அதற்கும் இரை வேண்டும். இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி சாவு முழுக்க நம் பொறுப்பு, அதில் ஒன்றுகூடப் போகவிடக் கூடாது. பகல் மேய்ச்சலில் ஒன்றிரண்டு போவதைக் காடு எடுத்துக்கொண்ட பங்கு என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதையும் தாங்க முடியாது என்றால் கோழியை நாள் முழுக்க அடைத்துத் தீனி வாங்கிப் போட வேண்டும், முட்டைக் காசு தீனிக்கே போய்விடும்.

ஆனால் இப்போது போகிற அளவுக்குப் போக வேண்டியதில்லை. மெஷின் குஞ்சுக்குத் தாய் கிடையாது. ஆகாயத்தில் நிழல் ஓடினால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் இருந்த இடத்திலேயே பதுங்கும் அல்லது இறக்கைக்குள் ஓடும். அந்தக் குரலைக் கேட்காத குஞ்சு வெட்டவெளியில் நின்று வேடிக்கை பார்க்கும். இருக்கிற குஞ்சுகளை இரண்டு மாதம் வரை பஞ்சாரத்திலேயே (கவிழ்த்து மூடும் கூடை) வையுங்கள், வெளியே விடும் நேரத்தில் ஆள் கூட இருங்கள். நொச்சி, ஆடாதொடை, செம்பருத்தி என்று ஓரமாகப் புதர் வளரட்டும். வல்லூறு பாய்ந்து இறங்கத் திறந்த வெளி வேண்டும், புதருக்குள் அதனால் எளிதில் வர முடியாது. சிடி தட்டு கட்டித் தொங்கவிடுவது சில நாள் பலிக்கும், பிறகு அதற்குப் பழகிவிடும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எது வரும் என்று உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும், கூண்டின் வாசலை எந்தத் திசையில் வைக்கலாம் என்று அவரையே கேளுங்கள். அடுத்த முறை மெஷின் குஞ்சு வாங்கும் பணத்தில் அடை உட்காரும் சிறுவிடை என்கிற நாட்டு ரகப் பெட்டை ஒன்று வாங்குங்கள், வெள்ளை நிறம் வேண்டாம், மண் நிறமாகப் பாருங்கள். கூரை இடுக்கை அடைத்து முடித்த பிறகு அதற்கு முட்டை வைத்தால் போதும், 21 நாளில் பொரித்துவிடும்.