புகை வருகிறது, கங்கு மட்டும் வரவில்லை!

கேள்வி: மூன்று வாரமாக வில்லும் கோலும் வைத்துக்கொண்டு நெருப்புக் கடையப் பார்க்கிறேன். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. புகை நன்றாகவே வருகிறது, ஆனால் கங்கு ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நடுவில் கட்டை கீச்சென்று கத்துகிறது, கோல் தெறித்து ஓடுகிறது. என் கையில் வலு போதாதா, இல்லை கட்டை சரியில்லையா? மழைக்காலத்தில் இதெல்லாம் நடக்குமா?

பதில்: புகை வரவழைக்கத் தெரிந்துவிட்டது என்றால் உங்கள் கை வலுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இனிமேல் புகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பொடியைப் பாருங்கள். உங்கள் கேள்விகளில் முக்கால்வாசிக்கு அந்தப் பொடியே பதில் சொல்லிவிடும்.

நடப்பது இதுதான். வில்லின் கயிறு சுழற்றும் கோலும், அது நிற்கும் குழியுள்ள அடிப்பலகையும் உரசும்போது இரண்டுமே தேய்ந்து தூளாகின்றன. சூடு 200 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினாலே மரம் கருகிப் புகைய ஆரம்பித்துவிடும். அந்தக் கருகிய தூள் தானாகக் கனல வேண்டுமென்றால் சூடு சுமார் 400 டிகிரிக்குப் போக வேண்டும். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கங்கு பிடிப்பது குழிக்குள் இல்லை, பக்கத்தில் குவியும் தூளில். சூடான தூள் போதுமான அளவு ஓரிடத்தில் குவிய வேண்டும், கலையாமல் இருக்க வேண்டும், அதற்குக் காற்றும் கிடைக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மணிக்கணக்கில் புகைதான் வரும்.

ஆகவே முதலில் காடியைப் பார்ப்போம். குழியின் ஓரத்திலிருந்து பலகையின் விளிம்பு வரை வெட்டும் அந்த ஆப்பு வடிவ வெட்டைத்தான் சொல்கிறேன். என்னிடம் பலகையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிழை இங்கேதான் இருக்கும். குழியை ஒரு வட்டமாக நினைத்து எட்டுத் துண்டாகப் போட்டால் அதில் ஒரு துண்டு அளவுக்குக் காடி இருக்க வேண்டும். அதன் கூர்முனை குழியின் நடுப்புள்ளியை நெருங்க வேண்டும், தொட்டுவிடக் கூடாது. முனை பாதி வழியிலேயே நின்றுவிட்டால் தூள் வெளியே வர வழியில்லாமல் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவைத் தாண்டிவிட்டாலோ கோலுக்குப் பிடிமானம் போய்த் தெறிக்கும். காடி ரொம்ப அகலமாக இருந்தால் தூள் பரவி ஆறிவிடும். வெட்டிய பக்கங்களைக் கத்தி முனையால் வழவழப்பாகச் சீவிவிடுங்கள். சொரசொரப்பாக விட்டால் தூள் நடுவழியிலேயே அடைத்துக்கொள்ளும்.

இதொன்றும் நேற்று வந்த ஞானம் இல்லை. 1922ல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த பண்டைய எகிப்திய மன்னர் துத்தன்காமனின் கல்லறையில் வில்லோடு சேர்ந்த ஒரு தீக்கடைகோல் தொகுதியும் இருந்தது. அதன் பலகையில் குழிகள் எல்லாம் விளிம்பை ஒட்டியே வரிசையாகப் போடப்பட்டு, பக்கவாட்டில் ஒரு பிளவாகத் திறந்திருக்கின்றன. 3,300 ஆண்டுகளுக்கு முன்னால் அதைச் செய்தவருக்கும் இதே தொல்லை இருந்திருக்கும்போல!

காடி வெட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. பலகையில் கத்தி முனையால் சின்னதாக ஒரு பள்ளம் தோண்டி, அதில் கோலை நிறுத்திப் புகை வரும் வரை கொஞ்ச நேரம் கடையுங்கள். கோலின் அடிமுனையும் பள்ளமும் ஒன்றுக்கொன்று அச்சுப்போலப் பொருந்திக் கறுத்துவிடும். அதற்கப்புறம்தான் காடி. பள்ளத்தின் மையத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இப்போது பொடிக்கு வருவோம். ஒரு காய்ந்த இலையையோ மெல்லிய மரச்சீவலையோ காடிக்கு அடியில் வைத்து ஒரு நிமிடம் கடைந்துவிட்டு, விழுந்ததை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வெளிர்பழுப்பாக, மரத்தூள்போல லேசாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. பெரும்பாலும் அழுத்தம்தான் குறைவாக இருக்கும். கறுப்பாக ஆனால் முரடாக, நசுங்கிய நூல் துண்டுகள்போலச் சுருண்டு விழுந்தால் மிதமிஞ்சி அழுத்துகிறீர்கள், அல்லது மரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. காப்பித்தூள் நிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில், நுண்மையாக, ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு மெத்தென்று குவிந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. உங்களுக்குப் புகை தாராளமாக வருகிறது என்பதால் உங்கள் பொடி முதல் வகையாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். காடியையும் ஈரத்தையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கீச்சென்று கத்துவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. சத்தம் கீழேயிருந்து வந்தால் கோல் முனையும் குழியும் மெருகேறிவிட்டன என்று பொருள். தொட்டுப் பாருங்கள், கண்ணாடிபோல வழுக்கும். அழுத்தம் இல்லாமல் வேகமாக மட்டும் ஓட்டினால் இப்படி ஆகும். பிசின் உள்ள மரமும் இப்படிச் செய்யும். இரண்டு பரப்புகளையும் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு, முதல் சில இழுப்புகளை மெதுவாக, நன்றாக அழுத்தி இழுங்கள். ஒரு சிட்டிகை மணல் போடுவதும் பழைய வழிதான், கை கொடுக்கும். சத்தம் மேலேயிருந்து வந்தால் கோலின் தலையை மேலிருந்து அழுத்தும் பிடிகட்டையில் உராய்வு அதிகம். உங்கள் உழைப்பில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு அடியில் வீணாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. கோலின் மேல்முனையைப் பென்சில்போலக் கூராக்கி, பிடிகட்டையின் குழிக்குள் சோப்போ மெழுகோ, எதுவும் இல்லையென்றால் கசக்கிய பச்சிலையோ வையுங்கள். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் பிடிகட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு கடைந்திருக்கிறார்கள். பல்லில் பிடிக்கும்போது மேல்முனை எவ்வளவு வழுக்கலாக ஓடியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேல்முனையை மேலேயே வைத்திருக்க ஓர் அடையாளம் போட்டுக்கொள்வது நல்லது. கற்றுக்கொண்ட காலத்தில் நான் ஒரு நாள் அரை மணி நேரம் கடைந்து, கையெல்லாம் கொப்புளமாகி, பொடியும் இல்லை புகையும் இல்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன். கோல் தலைகீழாக இருந்தது. சோப்புத் தடவிய முனையைக் குழியில் விட்டுக் கடைந்திருக்கிறேன்! அந்தக் குழியும் வீண், அந்த முனையையும் ஒரு விரற்கடை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

கோல் தெறிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடக்கை. நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது பாதத்தால் பலகையைக் குழிக்கு ஒட்டினாற்போல மிதியுங்கள். பிடிகட்டையைப் பிடித்த இடது மணிக்கட்டை முழங்காலுக்குக் கீழே உள்ள இடது கால் எலும்போடு ஒட்டி வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒட்டுதல்தான் உயிர்நாடி. கை அந்தரத்தில் ஆடினால் கோலின் தலையும் ஆடும், அப்புறம் தெறிக்காமல் என்ன செய்யும்? மார்பு இடது முழங்காலுக்கு மேலே சாய்ந்திருக்கட்டும். அழுத்தம் உடம்பின் எடையிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து வரக் கூடாது. தோள் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததுமே மணிக்கட்டு ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. வில்லைத் தரைக்கு இணையாக ஓட்டுங்கள். முனை ஏறி இறங்கினால் கயிறு கோலில் மேலும் கீழும் நகர்ந்து தன்மேலேயே உரசி அறுந்துபோகும். கயிறு வழுக்கினால் வில்லைப் பிடித்த விரல்களாலேயே கயிற்றையும் சேர்த்து நெருக்கிக்கொள்ளலாம். அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை.

வில்லின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். 2 செ.மீ. தடிமனுள்ள கோலில் 50 செ.மீ. இழுத்தால் ஏறக்குறைய 8 சுற்று. 15 செ.மீ. மட்டும் இழுத்தால் இரண்டரைச் சுற்றுகூட வராது, அதற்குள் கோல் நின்று திசை மாறிவிடும். அவசரமான குட்டி இழுப்புகள் பார்க்க வேகமாக இருக்கும், சூடு ஏறாது. தமிழில் இதற்குத் தீக்கடைதல் என்று பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். கடைவது என்றால் ஒரே இடத்தில், ஒரே சீராக.

கட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வில்லோ (willow) மரம், பாப்லர், பிசின் குறைந்த செடார் வகைகள் பேர்போனவை. ஆனால் உங்களைச் சுற்றி எது வளர்கிறதோ அதில் குணம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். செத்துக் காய்ந்து, தரையில் படாமல் நிற்கிற அல்லது தொங்குகிற கிளையாக இருக்கட்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் பொறுபொறுவென்று உதிரக் கூடாது. ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். கோலுக்கும் பலகைக்கும் ஒரே கிளையிலிருந்து எடுப்பது தொடக்கத்தில் பாதுகாப்பான வழி. கோல் ஒரு சாண் நீளம், கட்டைவிரல் தடிமன். பலகை ஒன்றரை செ.மீ. தடிமனுக்குள். பலகை இதைவிடத் தடித்தால் காடி ஆழமாகும், அதை நிரப்பவே நீங்கள் களைத்துவிடுவீர்கள். பிடிகட்டைக்கு மட்டும் நேர் எதிராக, கெட்டியான மரமோ குழிந்த கல்லோ எடுங்கள். அரளி, எருக்கு போன்ற நச்சுப்பாலோ நச்சுப்புகையோ உள்ளவை வேண்டாம். வெட்டும்போதும் ஊதும்போதும் முகம் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

சரி, எல்லாம் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவசரமில்லாமல், நீளமாக இழுங்கள். புகை வரும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். காடி பொடியால் நிறையும் வரை அதே சீரில் போக வேண்டும், மூச்சு வாங்காத வேகத்தில். காடி நிறைந்து பொடி இலையின்மேல் மலைபோலக் குவிய ஆரம்பித்ததும் அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டி இருபது முப்பது இழுப்பு, உங்களிடம் மிச்சம் இருக்கிறதையெல்லாம் போட்டு. பெரும்பாலானவர்கள் முதல் கட்டத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுக் காடி நிறைகிற நேரத்தில் கை ஓய்ந்துபோகிறார்கள்.

நிறுத்தியதும் எதையும் தொடாதீர்கள். கோலை மட்டும் மெல்ல எடுங்கள். இப்போது குழியில் புகை அடங்கிவிடும். பொடிக்குவியலிலிருந்து மெல்லிய ஒரு புகைநூல் தொடர்ந்து எழுந்துகொண்டிருந்தால் உங்களுக்குக் கங்கு கிடைத்துவிட்டது, சிவப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். ஊதாதீர்கள். கையால் லேசாக விசிறுங்கள். ஒரு குச்சியால் பொடியைக் காடிக்குள்ளிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு, பலகையை மறுபுறம் சாய்த்து எடுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் கொடுத்தால் பொடி தானே இறுகிச் சிவந்து ஒரு கட்டியாகிவிடும். மரமும் கரித்தூளும் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடாது, கங்கு அத்தனை எளிதில் ஆறாது. பயந்துகொண்டு பறக்கவிடுவதுதான் அதைக் கொல்கிறது.

நார்க்கூட்டை முன்பே செய்து கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். தேங்காய் நார், சணல், காய்ந்த புல் எதுவானாலும் உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்துப் பஞ்சாக்க வேண்டும். வெளியே முரடு, நடுவில் மென்மை. கங்கைக் கவிழ்த்து, நாரைத் தொடும்படி மெல்ல மூடி, முகத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து நீளமாக ஊதுங்கள். புகை வெள்ளையாகத் தடித்து, ஒரு கணத்தில் பக்கென்று பற்றும். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தரையைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழகுங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள காய்ந்த காலத்தில் வெளியில் இதை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மழைக்காலம் பற்றி. முடியும், ஆனால் கற்றுக்கொள்ள ஏற்ற காலம் அது இல்லை. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது மரம் தன் எடையில் சுமார் 9 சதவீத ஈரத்தோடு நிற்கும். காற்று 90 சதவீதத்துக்குப் போனால் மரத்தின் ஈரமும் 20 சதவீதத்தைத் தொடும், ஒரு துளி மழை மேலே படாவிட்டாலும். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீரும் வரை உங்கள் உழைப்பெல்லாம் அதற்கே போகும். கோல், பலகை, நார் மூன்றையும் வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் வைத்து, காற்றுப்புகாத பையில் போட்டு, கடையப் போகும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். முதல் தடவை கங்கு எடுத்த அதே குழியின் மிச்சத்தை, அது கருகியிருக்கிறது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை அதே கோலை அதே குழியில் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.