வாசகர் கேள்வி – பதில்: குறைந்த செலவில் கணினிக்கு நீர்க்குளிர்வு

கேள்வி: வீடியோ தொகுப்பு வேலையின்போது என் வீட்டுக் கணினியின் செயலி 95 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது, மின்விசிறியின் இரைச்சலும் தாங்க முடியவில்லை. நீரால் குளிர்விக்கும் அமைப்பை நானே சிக்கனமாகக் கட்ட நினைக்கிறேன். எதற்குச் செலவிட வேண்டும், எதில் குறைக்கலாம்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். இப்போதுள்ள ஹீட்சிங்க்கின் (செயலியின் மேலிருந்து வெப்பத்தை வெளிவிடும் உலோகப் பாகம்) தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கலாம். செயலிக்கும் அதற்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்தும் வெப்பம் குறையாவிட்டால், ஹீட் பைப் (வெப்பம் கடத்தும் உலோகக் குழாய்) கொண்ட கோபுர வடிவக் குளிர்விப்பானே பெரும்பாலானோருக்குப் போதும். நல்ல கோபுரக் குளிர்விப்பான் 240 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் பாகம்; அளவு, விசிறிகள் பொருந்தும் நீளத்தைக் குறிக்கும்) கொண்ட நீரமைப்புக்குச் சில டிகிரி வித்தியாசத்தில் நெருங்கி வந்துவிடும். விலையோ மிகக் குறைவு. பணம் ஒன்றையே கருதினால் நீர்க்குளிர்வு வேண்டாம் என்பதே என் கருத்து. செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் நெடுநேரம் முழுச் சுமையில் ஓடும் கணினியாக இருந்தாலோ, கையால் கட்டிப் பார்க்கும் ஆசை விடாவிட்டாலோ மேலே படியுங்கள்.

நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் வாங்கி வேறோரிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவே. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடும் அமைப்பில், 200 வாட் வெப்பத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் அந்த நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரிதான் உயர்கிறது. அதாவது, சுமப்பதில் நீருக்குச் சிரமமே இல்லை. சுமந்து வந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கைமாற்றும் இடத்தில்தான் நெருக்கடி ஏற்படுகிறது. ஆகவே உங்கள் பணத்தின் பெரும்பகுதி ரேடியேட்டருக்கும், அதன் வழியே காற்றைத் தள்ளும் நல்ல விசிறிகளுக்கும் போக வேண்டும். செயலிக்கு மட்டும் என்றால் 240 மி.மீ., கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் குறைந்தது 360 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பரப்பு கூடக் கூட விசிறிகளை மெதுவாக ஓட்டலாம் என்பதால், இரைச்சல் குறைவதும் இந்த ஒரு செலவினால்தான். இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: நீர் முதலில் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, சுற்று முழுவதும் நீரின் வெப்பநிலை சில டிகிரிக்குள்தான் மாறுபடும். நீர் ஓடும் வழியில் பம்புக்கு நேர் முன்பாக, அதைவிட உயரத்தில், நீர்த்தொட்டி இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

சிக்கனத்துக்கு இடம் வேறு பாகங்களில் தாராளமாக இருக்கிறது. வளைத்துப் பொருத்தும் கண்ணாடி போன்ற கெட்டிக் குழாய்களுக்குப் பதிலாக மென்குழாய், விலையுயர்ந்த ஃபிட்டிங்குகளுக்கு (குழாய் இணைப்பிகள்) பதிலாகச் சாதாரண முனையும் கிளாம்ப்பும், வண்ண விளக்குகள் இல்லாத எளிய தொட்டி ஆகியவை குளிர்விப்பதில் எந்தக் குறையும் வைப்பதில்லை. மலிவான ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்களில் உள்ள மென்மையூட்டும் வேதிப்பொருள் நாளடைவில் கரைந்து வாட்டர் பிளாக்கின் (செயலியின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும் உலோகத் துண்டு) நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும் என்பதால், கறுப்பு ரப்பர்க் குழாயே நல்லது. பழைய ரேடியேட்டரை நன்கு அலசிப் பயன்படுத்தலாம்; பழைய பம்பை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் மீன்தொட்டி மோட்டாரைப் பயன்படுத்தலாமா?

பதில்: இயங்கும், பலர் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் அது வீட்டு மின்சாரத்தில் தனியே ஓடுவது. கணினியை இயக்கிவிட்டு மோட்டாரின் சுவிட்சை மறந்தால், பிளாக்கில் தேங்கிய நீர் விரைவில் சூடேறி, செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் அல்லது கணினி அணைந்துவிடும். ரிலே (கணினி இயங்கும்போது மோட்டாரையும் தானே இயக்கும் சுவிட்ச்) வைத்து இணைக்கலாம் என்றாலும், கணினியின் பவர் சப்ளையிலிருந்தே 12 வோல்ட் பெற்று, கணினியோடு சேர்ந்து விழித்து, சேர்ந்து உறங்கும் பம்பையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் அலுமினிய ரேடியேட்டரோடு செம்பு வாட்டர் பிளாக்கை இணைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரே நீரில் நனையும் இவ்விரு உலோகங்களும் சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படும். அதன் படிவுகள் பிளாக்கை அடைக்கும், முடிவில் ரேடியேட்டர் ஓட்டையாகும். கடையில் விற்கும் மூடிய ஆயத்த அமைப்புகளில் இந்தக் கலப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அவற்றில் அரிமானத் தடுப்பான் கலந்த திரவத்தை ஆலையிலேயே அடைத்து விடுகிறார்கள். கையால் கட்டும் அமைப்பில் செம்பு, பித்தளை, நிக்கல் ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: எந்த நீரை ஊற்றுவது? கசிந்தால் கணினி போய்விடுமே?

பதில்: காய்ச்சி வடித்த நீரோடு, பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் காக்கும் கலவையை அதன் உறையில் சொன்ன அளவில் சேருங்கள். குழாய் நீரில் உள்ள உப்புகள் படிந்துவிடும். வடித்த நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்ற தைரியமும் வேண்டாம். உலோகங்களைத் தொட்டு ஓடிய சில நாட்களில் அது ஓரளவு கடத்தத் தொடங்கிவிடும்.

கசிவைப் பொறுத்தவரை, கணினியின் பாகங்கள் எதற்கும் மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓட விடுங்கள். இதற்கு, மதர்போர்டிலிருந்து பிரித்தெடுத்த 24 முனை இணைப்பானில் பச்சைக் கம்பியின் முனையையும் ஒரு கறுப்புக் கம்பியின் முனையையும் இணைத்தால் பவர் சப்ளை தனியே இயங்கும். எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தால் நிறத்தை வைத்து ஊகிக்காமல், இதற்கென்றே விற்கும் இணைப்புத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் காகிதக் கைக்குட்டையைச் சுற்றி வைத்தால் ஒரு சொட்டுகூடத் தெரிந்துவிடும். தொட்டி நிரம்பும் வரை பம்பைச் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். நீரில்லாமல் சுழலும் பம்ப் விரைவில் பழுதாகும். முதல் நாளோடு கவலை தீர்ந்துவிடாது. ஆப்பிள் நிறுவனம் 2004இல் ஆலையிலேயே திரவக் குளிர்வு பொருத்தி விற்ற பவர் மேக் ஜி5 கணினிகள் சில, ஆண்டுகள் கழித்துக் கசிந்திருக்கின்றன. எனவே ஆண்டுக்கு ஒருமுறை நீரை மாற்றும்போது மூட்டுகளையும் பாருங்கள்.

கேள்வி: தொட்டியில் பனிக்கட்டி போட்டால் இன்னும் குளிருமே?

பதில்: குளிரும். ஆனால் அறைக் காற்றிலுள்ள ஈரம் குழாய்களின் மேலும் பிளாக்கின் மேலும் வியர்த்து, அங்கிருந்து மதர்போர்டில் சொட்டும். வேண்டாம்.