கூட்டம் மிகுந்த விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்ல எத்தனை மாதங்களுக்கு முன் திட்டமிட வேண்டும்?

இரண்டு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குச் செல்ல விரும்புவதாகவும், மூன்று மாதங்களுக்கு முன்பு தொடங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தங்குமிடத்துக்கு அது போதாது. ஒன்பது முதல் பதினொரு மாதங்கள் வேண்டும். மற்றவற்றில் பலவற்றுக்கு மூன்று மாதங்கள் தாராளம். சிலவற்றைப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் வரை முடிவு செய்யாமலே விட்டுவைப்பதுதான் நல்லது.

நாங்கள் ஒருமுறை மூன்று மாதங்களுக்கு முன்புதான் முன்பதிவு செய்தோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். நடுவில் கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகளைக் கேட்டோம். அவை எல்லாம் போய்விட்டன. கிடைத்தவை இரண்டாம் தளத்தில் ஒன்றும் ஐந்தாம் தளத்தில் ஒன்றும். சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மகனின் இருமல் மருந்து ஒரு தளத்திலும் அவனுடைய மாற்றுத் துணி இன்னொரு தளத்திலும் இருந்தன. மாலை நேரத்தில் லிஃப்ட் முன்னால் ஈரத் துண்டுகளோடும் மணல் ஒட்டிய கால்களோடும் நிற்பவர்களின் வரிசை குறையவே இல்லை. முழங்கால் வலியோடு இரண்டு நாள் அந்த வரிசையில் நின்ற மாமியார், மூன்றாம் நாள் காலையில், “நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டார். கடலைப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவரே அவர்தான். அவருடைய அறையின் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது வண்டி நிறுத்துமிடம். அந்தக் காட்சி இன்றும் என் மனத்தை உறுத்துவதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு விடுதியில் நூறு அறைகள் இருந்தால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இருவர் தங்குவதற்கானவை. ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கக்கூடிய அறைகள், இணைப்புக் கதவு உள்ளவை, படியேற வேண்டாத தரைத்தள அறைகள், சமையலறையோடு கூடிய வீடுகள் ஆகியவை எங்குமே கொஞ்சம்தான். ஒரே பள்ளி நாட்காட்டியைப் பின்பற்றும் குடும்பங்கள் அனைத்தும் ஒரே இரண்டு மூன்று வாரங்களில் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் போட்டியிடுகின்றன. போதாக்குறைக்கு, இந்த ஆண்டு வந்து தங்கியவர்களில் சிலர் ஊர் திரும்புவதற்கு முன்பே அடுத்த ஆண்டுக்கும் அதே வீட்டைச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். எனவே விடுதி எப்போது நிரம்பும் என்று கணக்கிடுவதால் பயனில்லை, நம் குடும்பத்துக்குப் பொருந்தும் அறை எப்போது தீரும் என்றே பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறைத் தேதி தெரிந்த வாரத்திலேயே பதிவு செய்வதை முந்திரிக்கொட்டைத்தனம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். பதிவு செய்தபின் விடுதிக்கு நேரடியாகப் பேசி, இணைப்பு அறையும் தரைத்தளமும் உறுதியாகத் தரப்படுகின்றனவா, அல்லது உங்கள் விருப்பமாக மட்டும் குறித்துக்கொள்ளப்பட்டுள்ளனவா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணையப் பதிவுகளில் பெரும்பாலும் பின்னதுதான் நடக்கிறது.

இவ்வளவு முன்னதாகப் பதிவு செய்தால் இடையில் உடல்நலமோ வேலையோ குறுக்கிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. அதனால் சற்றுக் கூடுதல் கட்டணம் ஆனாலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். பணம் முழுதாகத் திரும்பும் கடைசி நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளிநாடு என்றால் அந்தக் கெடு பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும்.

விமானப் பயணம் என்றால், பெரிய நிறுவனங்கள் பலவும் ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன்பே பதிவைத் திறந்துவிடுகின்றன. திறந்த அன்றே வாங்கினால்தான் மலிவு என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை என்பதால், அறை உறுதியான பிறகு நான்கைந்து மாதங்களுக்கு முன்னால் வாங்கினாலும் பெரிதாகத் தவறிவிடாது. பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: குழந்தையின் வயதைப் பதிவு செய்யும் நாளில் அல்ல, பயணம் செய்யும் நாளில்தான் கணக்கிடுவார்கள். இன்று ஒரு வயதாக இருக்கும் குழந்தைக்குப் பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிறைந்தால், திரும்பும் விமானத்தில் அதற்குத் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டையும் அறை பதிவு செய்த வாரத்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடிக் காலம் மீதம் இருக்க வேண்டும் என்கின்றன, பிள்ளைகளின் கடவுச்சீட்டோ பெரியவர்களுடையதைவிட விரைவில் காலாவதியாகிவிடுகிறது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது கடலையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வானிலையை ஒரு வாரம், பத்து நாட்களுக்கு மேல் நம்பும்படி யாராலும் சொல்ல முடியாது; ஆனால் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, நிலவையும் சூரியனையும் பொறுத்தது என்பதால், எந்த நாளில் எந்த மணிக்குக் கடல் ஏறும், எப்போது வற்றும் என்பதை ஓராண்டுக்கு முன்பே அட்டவணையில் பார்த்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கரையில் இன்று காலை பத்து மணிக்கு விரிந்து கிடக்கும் மணல், அடுத்த வாரம் அதே மணிக்கு நீருக்கு அடியில் இருக்கக்கூடும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஓத வேறுபாடு அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ அது 16 மீட்டர் வரை போகும். ஆகவே நீங்கள் செல்லும் கரை எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு, காலை வேளையில் நீர் வற்றியிருக்கும் வாரத்தைப் பிடித்தால், சிறு பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதற்கு இடமும் நேரமும் கிடைக்கும்.

புயல் பருவம் உள்ள பகுதி என்றால் அதையும் தேதியோடு சேர்த்து யோசியுங்கள். அட்லாண்டிக்கில் அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பயணக் காப்பீட்டை அறை பதிவு செய்த கையோடு வாங்க வேண்டும், ஏனெனில் ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய காப்பீடு அந்தப் புயலால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஏற்காது.

ஆனால் அங்கே போய் எந்த நாளில் என்ன செய்வது என்பதை இவ்வளவு முன்னதாக முடிவு செய்யாதீர்கள். படகுச் சவாரிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிவிட்டால், அன்று அலை மிகுந்திருந்தாலும் பணம் வீணாகுமே என்று பிள்ளைகளை ஏற்றத் தோன்றும். கடல் விஷயத்தில் அந்த நெருக்கடிக்கு இடமே தரக்கூடாது. குளிக்கும் இடத்தில் எந்த மணி வரை உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

உங்களுக்கு இப்போது மூன்று மாதங்கள்தான் இருக்கின்றன என்றால், கடலை ஒட்டிய அறைக்காக மன்றாடாமல் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அனைவரும் ஒன்றாகத் தங்கும் வீட்டைத் தேடுங்கள்; சனிக்கிழமை தொடங்காமல் வாரத்தின் நடுவில் புறப்பட முடியுமா என்றும் பாருங்கள். விருப்பமான விடுதி நிரம்பியிருந்தால், அங்கே பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் எது என்று கேட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் மீண்டும் அழையுங்கள். இரண்டு மூன்று இடங்களில் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் வேண்டாதவற்றைக் கைவிடுவது அந்த நாட்களில்தான். அடுத்த ஆண்டு எங்களுக்குத் தரைத்தள அறை கிடைத்தது அப்படித்தான். மாமியார் காலையில் தாமாகவே கதவைத் திறந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் நீர் வரை நடந்து போய் நின்றிருந்தார்.