கேள்வி: இங்கிலாந்தில் 22 வயது கால்பந்து வீரர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போனால் எங்கள் கிளப்புக்குப் பைசா தேறாதா?

இங்கிலாந்துக்குள்ளேயே வேறு கிளப்புக்குப் போனால் தேறும். ஒப்பந்தம் முடியும் ஆண்டின் ஜூன் 30 அன்று அவருக்கு 24 வயது ஆகியிருக்கக் கூடாது. உங்கள் கிளப், பழைய சம்பளத்துக்குக் குறையாத புது ஒப்பந்தத்தை மே மூன்றாவது சனிக்கிழமைக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். 'எப்படியும் மறுக்கத்தான் போகிறான்' என்று அந்தக் கடிதத்தையே அனுப்பாமல் விட்டால் இழப்பீடு போச்சு.

இரு கிளப்புகளும் தொகையில் ஒத்துப்போகாவிட்டால் இழப்பீட்டுக் குழு முடிவுசெய்யும். 2015இல் பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போன டேனி இங்ஸ் என்ற வீரருக்காகப் பர்ன்லிக்கு 65 லட்சம் பவுண்டும், நிபந்தனைகளோடு கூடுதலாக 15 லட்சமும், மறுவிற்பனை லாபத்தில் 20 சதவீதமும் என்று தீர்ப்பு வந்தது. சந்தை விலையைவிடக் குறைவுதான், ஆனால் சும்மா இல்லை.

வெளிநாட்டுக்குப் போனால்தான் அடி. ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே, அதாவது ஜனவரி 1 முதல், அங்கே முன் ஒப்பந்தம் (இப்போதைய ஒப்பந்தம் முடிந்ததும் சேர்வதற்கானது) போட்டுவிடலாம். உங்களுக்குக் கிடைப்பது ஃபிஃபாவின் பயிற்சி இழப்பீடு மட்டும்: ஐரோப்பாவின் முதல்தரக் கிளப் வாங்கினால் 16 முதல் 21 வயது வரை ஆண்டுக்கு 90,000 யூரோ, 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 10,000. உங்கள் கிளப் பயிற்சி கொடுத்த ஆண்டுகளுக்கு மட்டுமே கணக்கு. முழுக்க வளர்த்திருந்தாலும் 6 லட்சத்தைத் தாண்டாது. ஏஜென்டுகள் வெளிநாட்டுப் பக்கம் தள்ளுவதில் ஆச்சரியமே இல்லை. புது கிளப்புக்கு மிச்சமாகும் மாற்றுத்தொகையில் (வீரரை வாங்கப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம்) ஒரு பங்கு கையெழுத்துப் பணமாக வீரருக்கு வரும்.

ஜூனில் வரும் தக்கவைப்புப் பட்டியலில் (யாரை வைத்துக்கொள்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்ற பட்டியல்) அந்த வீரரின் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். 'புது ஒப்பந்தம் அளிக்கப்பட்டது' என்றிருந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை இன்னும் இருக்கிறது. 'விடுவிக்கப்பட்டார்' என்றால் இல்லை.