கேசினோ நடத்தும் கேம் விளையாடினால் பையனுக்குச் சூதாட்டப் பழக்கம் வந்துவிடுமா?

ஒன்பதாவது படிக்கும் மகன் கேசினோ முதலாளியாக இருந்து விளையாடும் கேமிலேயே கிடக்கிறான், தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வகை கேமைத் தடுக்க வேண்டாம் என்பேன். பயப்பட வேண்டியது வேறு வகை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவன். பி.யு.சி. படித்தபோது 'கேசினோ இன்க்' விளையாடினேன், 2003இல் வந்த கேம். ஹாலில் ரூலெட் மேசை (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம்), காசு போட்டுப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் மெஷின், பார் எல்லாம் நாமே போட வேண்டும், ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். யாராவது பெரிய தொகை ஜெயித்தால் ஆரம்பத்தில் பதறுவேன். போகப்போகப் புரிந்தது, அந்த ஆள் எழுந்து போகாமல் இருந்தாலே போதும், பணம் திரும்பி வந்துவிடும்.

அப்போது என் மாமா, சீசன் வந்தால் ரேஸ் கோர்ஸே கதி என்று இருப்பார். சம்பளக் கவர் அத்தை கைக்கு வருவதற்குள் பாதி கரைந்திருக்கும். ஒரு நாள் நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தவர், "டேய், எல்லா நம்பர்லயும் வச்சா ஒண்ணு விழுந்துதானே ஆகணும்?" என்றார்.

சரி என்று நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். ரூலெட்டில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வைத்தால் 3,700. விழுந்த எண்ணுக்கு 35 மடங்கு, அதாவது 3,500, அதில் வைத்த 100ம் திரும்ப வரும். ஆக, கைக்கு வருவது 3,600. சுற்றுக்கு 100 ரூபாய் கடைக்காரனுக்கு, நூற்றுக்கு 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சைபரும் உண்டு, அங்கே 5.26. மாமா பென்சிலை வாங்கித் தானே மறுபடி கூட்டிப் பார்த்தார்.

"அப்ப தோத்தா ரெண்டு மடங்கு, ரெண்டு மடங்குன்னு வச்சுட்டே போனா?"

100, 200, 400 என்று எழுதிக்கொண்டே போனோம். ஏழு முறை தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவது ஆட்டத்துக்கு மட்டும் 12,800 வேண்டும். அந்த அளவுக்குப் போகவும் விடமாட்டார்கள், கேசினோ மேசைகளில் இவ்வளவுதான் வைக்கலாம் என்று வரம்பு இருக்கும். குதிரைக்கும் டோட்டில், அதாவது எல்லாரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்க்கும் முறையில், சேர்ந்த மொத்தத்தில் கமிஷன், வரி எடுத்த பிறகுதான் மிச்சத்தைப் பங்கு போடுகிறார்கள் என்று மாமாவே சொன்னார்.

அவர் உடனே நிறுத்திவிடவில்லை. இன்னும் இரண்டு வருடம் ஆனது, அத்தையின் வளையல்களும் போயின. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. ஆனால் "விட்டதைப் பிடிச்சுடுவேன்" என்ற பேச்சு மட்டும் அந்த நோட்டுக் கணக்கோடு நின்றுபோனது.

இப்போது அந்த இன்னொரு வகை. போனில் ஸ்லாட் சுற்றும் ஆப்கள் இருக்கின்றன. ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸ் தீர்ந்தால் நிஜப் பணம் கொடுத்து வாங்கச் சொல்லும், ஜெயித்த சிப்ஸைப் பணமாக மாற்றவும் முடியாது. அதில் நம் பிள்ளை முதலாளி இல்லை, வாடிக்கையாளர். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, ஆனால் இந்தச் சிப்ஸ் ஆப்கள் சாதாரண கேம் மாதிரியே தெரியும். அதனால் போனில் எதை வாங்கினாலும் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள், யுபிஐ பின்னை அவனிடம் சொல்லாதீர்கள். அப்புறம், அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மேசையில உனக்கு லாபம் எங்கேர்ந்துடா வருது?" என்று கேளுங்கள். 3,700 கணக்கை அவன் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும்.